ஈயம் எந்த வழியாக வந்தது?

வங்கதேசத்தின் நடுப்பகுதிக் கிராமங்களில் கர்ப்பிணிப் பெண்கள் 430 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். அவர்களில் 31 சதவீதம் பேருக்கு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராமுக்கும் கூடுதலாக ஈயம் இருந்தது. மைமன்சிங், தாங்காயில், கிஷோர்கஞ்ச் பக்கத்துக் கிராமங்கள் அவை. நெல் வயலும் குளமும் தகரக் கூரை வீடுகளுமான நாட்டுப்புறம். நகரத்துச் சாயச் சுவர்களோ வாகன நெரிசலோ அங்கே இல்லை. பெட்ரோலில் ஈயம் கலப்பதை அந்நாடு 1999-லேயே நிறுத்திவிட்டது. உடம்புக்குள் ஈயம் நுழைவதற்குப் பாடப்புத்தகங்கள் முதலில் சொல்லும் வழிகள் இங்கே பொருந்தவில்லை. ஆனாலும் ஏறக்குறைய மூன்று பெண்களில் ஒருவரின் ரத்தத்தில் அது இருந்தது.

இந்தப் புதிரைக் கையில் எடுத்தவர் ஜென்னா ஃபோர்சித், அப்போது அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவி. அவரை வழிநடத்திய ஸ்டீபன் லூபி, ஸ்டான்ஃபோர்டுக்குப் போவதற்கு முன் எட்டு ஆண்டுகள் டாக்காவிலேயே தங்கி வேலை பார்த்த மருத்துவர். டாக்காவில் இவர்களோடு கைகோத்தது ஐ.சி.டி.டி.ஆர்.பி. என்று எல்லோரும் சுருக்கமாக அழைக்கும் ஆய்வு மையம். 1960-ல் காலரா ஆய்வுக்கூடமாகத் தொடங்கிய இந்த மையத்துக்கு வெளிநாட்டு மாணவர்கள் வருவது புதிதல்ல. உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலை வாய்வழியே கொடுத்தே காலரா நோயாளிகளைக் காப்பாற்றலாம் என்பதை 1968-ல் இங்கே காட்டிய டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் அமெரிக்காவிலிருந்து வந்த இளம் மருத்துவர்கள்தான். இன்று ஒவ்வொரு மருந்துக்கடையிலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் வரலாறு இந்த ஊரைத் தொடாமல் போகாது.

ஈயத்தைப் பற்றி இரண்டு செய்திகளைத் தெரிந்துகொண்டால்தான் அந்த 31 சதவீதத்தின் கனம் புரியும். முதலாவது, ஈயத்துக்கு உடம்பில் எந்த வேலையும் இல்லை. ஆனால் அது கால்சியத்தைப் போல நடிக்கும். தபால்காரரின் உடுப்பில் வந்தவனுக்கு வீட்டார் கதவைத் திறந்துவிடுவது போல, கால்சியத்துக்கான வாயில்களை உடம்பு ஈயத்துக்கும் திறந்துவிடுகிறது. உள்ளே நுழைந்த ஈயம் எலும்பில் போய்ப் பல பத்தாண்டுகள் தங்குகிறது. இரண்டாவது, கர்ப்ப காலத்தில் குழந்தையின் எலும்பு வளரக் கால்சியம் வேண்டும் என்பதால் தாயின் எலும்பு கரைந்து கொடுக்கிறது. அதோடு சேர்ந்து பழைய ஈயமும் ரத்தத்துக்குத் திரும்பி, நஞ்சுக்கொடியைத் தாண்டி, வளர்ந்துகொண்டிருக்கும் மூளைக்குப் போய்ச் சேர்கிறது. குழந்தையின் அறிவுத்திறனில் அது உண்டாக்கும் இழப்புக்குப் பாதுகாப்பான கீழ் எல்லை என்று எதையும் அறிவியல் இதுவரை காணவில்லை. இழந்ததை மீட்கும் மருந்தும் கிடையாது. செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: வரும் வழியைக் கண்டுபிடித்து அடைப்பது.

வழியைத் தேடும் வேலை சமையலறைகளில் தொடங்கியது. ஈயம் மிகுந்த பெண்களின் வீடுகளையும் குறைந்த பெண்களின் வீடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வயலில் தெளிக்கும் பூச்சிமருந்து, அரிசி, மண், தண்ணீர், சாமான் போட்டு வைக்கும் டப்பாக்களின் பற்றவைப்பு என்று எல்லாவற்றின் மேலும் சந்தேகம் இருந்தது. கள ஆய்வு என்றால் ஒரு படிவத்தை நிரப்புவது என்று நினைத்து வரும் மாணவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஒரு பெண்ணிடம் "என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால் சோறு, மீன், பருப்பு என்பார். மஞ்சளைச் சொல்லமாட்டார். தினமும் மூன்று வேளையும் கையில் எடுக்கும் பொருளை யாரும் உணவாக எண்ணிச் சொல்வதில்லை. அடுப்படியில் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கை போகும் இடத்தைப் பார்ப்பவருக்குத்தான் அது தெரியும். அதற்கு அந்த ஊர் மொழி தெரிந்த, அந்த வீட்டுக்குள் போய் உட்காரக்கூடிய பெண்கள் வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கட்டுரைகளில் எண்களாக வந்து நிற்பவற்றில் பெரும்பகுதி இப்படிப்பட்ட வங்கதேசக் களப்பணியாளர்கள் கால்நோக நடந்து சேர்த்தவை.

மஞ்சளின் மேல் சந்தேகம் விழ முன்பே ஒரு தடயமும் இருந்தது. முன்ஷிகஞ்ச் பக்கத்துச் சிராஜ்திகானில் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் இருப்பதை ஆராய்ந்த ஹார்வர்டு குழு, வீடுகளில் இருந்த மஞ்சள்தூளில் ஈயம் இருப்பதாக 2014-ல் எழுதியிருந்தது. ஆனால் மஞ்சளில் ஈயம் இருப்பது வேறு, ரத்தத்தில் உள்ள ஈயம் மஞ்சளிலிருந்துதான் வந்தது என்பது வேறு. இரண்டாவதை நிறுவ ஐசோடோப்புகள் கைகொடுத்தன. இயற்கையில் கிடைக்கும் ஈயம் 204, 206, 207, 208 என்ற நான்கு எடைகளில் வருகிறது. இவற்றில் பின்னால் உள்ள மூன்றும் யுரேனியமும் தோரியமும் சிதைந்து காலப்போக்கில் பெருகுபவை. ஆகவே ஒரு தாதுப்படிவம் எப்போது, எங்கே உருவானது என்பதைப் பொறுத்து இந்த நான்கின் விகிதம் மாறும். ஈயத்தை உருக்கினாலும், சாயமாக்கினாலும், ஒருவர் அதை உண்டு அது ரத்தத்தில் கலந்தாலும் அந்த விகிதம் மாறுவதில்லை. பெண்களின் ரத்தத்தில் இருந்த விகிதத்தை மண், டப்பா, அரிசி, மஞ்சள் ஆகியவற்றின் விகிதங்களோடு அடுக்கிப் பார்த்தபோது மிக நெருங்கி வந்தது மஞ்சள்தான்.

அடுத்த கேள்வி, மஞ்சளுக்குள் ஈயம் எங்கே சேர்கிறது என்பது. வயலிலா? மண்ணிலிருந்து கிழங்கு உறிஞ்சுகிறதா? ஃபோர்சித்தின் குழு மஞ்சள் விளையும் 9 மாவட்டங்களுக்குப் போனது. விவசாயி, வேகவைப்பவர், பாலிஷ் போடுபவர், அரவை மில்காரர், மொத்த வியாபாரி என்று கிழங்கு போகும் பாதையிலேயே போய்ப் பேசியது. ஈரோட்டு மஞ்சளை அறிந்தவர்களுக்கு இந்தப் பாதை அந்நியமாக இருக்காது. தோண்டிய கிழங்கை வேகவைத்து, வாரக்கணக்கில் வெயிலில் காயவைத்து, மேல்தோலின் சொரசொரப்பு போகச் சுழலும் உருளையில் போட்டுப் பாலிஷ் செய்கிறார்கள். இந்த உருளைக்குள்தான், 9 மாவட்டங்களில் 7-ல், ஒரு மஞ்சள் பொடியும் போய்க்கொண்டிருந்தது. ஈய குரோமேட். சாலைக்கோடுகளுக்கும் இயந்திரங்களுக்கும் பூசும் சாயங்களில் பயன்பட்ட அதே நிறமி. உள்ளூரில் பியூரி போன்ற பெயர்களில் சாதாரணமாக விற்றது. மஞ்சள் மாதிரி ஒன்றில் ஒரு கிராமுக்கு 1,152 மைக்ரோகிராம் வரை ஈயம் கண்டார்கள். அந்நாட்டுச் சட்டம் மஞ்சள்தூளில் அனுமதித்த அளவு 2.5.

ஏன் சேர்த்தார்கள்? 1980-களில் ஒரு பெருவெள்ளத்தில் மஞ்சள் நனைந்து, சரியாகக் காயாமல், நிறம் மங்கிப்போனது என்றும், நட்டத்தைத் தவிர்க்கச் சிலர் சாயம் போடத் தொடங்கினார்கள் என்றும் பாலிஷ் தொழிலில் இருந்தவர்களே சொன்னார்கள். ஒருமுறை பளபளப்பான மஞ்சள் சந்தைக்கு வந்துவிட்டால் மங்கிய மஞ்சளுக்கு விலை கிடைக்காது. மொத்த வியாபாரி நிறத்தைக் கேட்டார், பாலிஷ் போடுபவர் கொடுத்தார், வீட்டுக்காரர் குழம்பின் நிறத்தைப் பார்த்துத் திருப்தியடைந்தார். வெள்ளம் வடிந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் பழக்கம் போகவில்லை. இவர்களில் பலருக்குத் தாங்கள் தூவுவது குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு என்று தெரிந்திருக்கவில்லை. அந்த உருளைக்குப் பக்கத்தில் நின்று தூசியை மூச்சில் இழுத்தவர்களும் அவர்களே.

இந்த ஆய்வு 2019-ல் வெளிவந்தது. அதற்குப் பிறகு நடந்ததை நான் இந்தத் துறையின் மிக நல்ல அத்தியாயங்களில் ஒன்றாகக் கருதுகிறேன். ஆய்வுக்குழு முடிவுகளை வங்கதேச உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் மேசைக்குக் கொண்டுபோனது. ஐ.சி.டி.டி.ஆர்.பி.யின் மஹ்பூபுர் ரஹ்மான் போன்ற உள்நாட்டு விஞ்ஞானிகள் அதிகாரிகளோடு அவர்கள் மொழியில், அவர்கள் நிர்வாக முறை தெரிந்து பேசினார்கள். சந்தைகளில் எச்சரிக்கைத் துண்டறிக்கைகள் ஒட்டப்பட்டன. டாக்காவின் ஷியாம்பஜார் மொத்தச் சந்தைக்கு நடமாடும் நீதிமன்றம் வந்தது. கையில் பிடிக்கும் எக்ஸ்-கதிர்க் கருவியைக் கிழங்கின் மேல் வைத்தால் சிறிது நேரத்தில் ஈயத்தின் அளவு திரையில் தெரியும். வியாபாரிகள் கண்முன்னாலேயே சோதனை நடந்தது. சரக்கு பறிமுதலானது, அபராதம் விழுந்தது, தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. 2019-ல் சந்தை மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. 2021-ல் ஒன்றில்கூட இல்லை. மில் தொழிலாளர்களின் ரத்தத்தில் ஈயத்தின் அளவு, நடுமதிப்பாகப் பார்த்தால், 30 சதவீதம் இறங்கியிருந்தது.

மாணவர்கள் இந்தக் கதையைக் கேட்டு, எல்லா நஞ்சையும் இப்படி இரண்டு ஆண்டுகளில் விரட்டிவிடலாம் என்று நம்பிவிடக் கூடாது. அதற்கு மறுபக்கம் அதே நாட்டின் மண்ணுக்கடியில் இருக்கிறது.

குளத்து நீரைக் குடித்து வயிற்றுப்போக்கில் குழந்தைகள் இறந்துகொண்டிருந்த நாட்டில், 1970-களிலிருந்து யுனிசெஃப் உதவியோடு அடிகுழாய்கள் போடப்பட்டன. பிறகு மக்களே சொந்தச் செலவில் போட்டுக்கொண்டார்கள். 1990-களில் அவற்றின் எண்ணிக்கை ஒரு கோடியை நெருங்கியது. கிருமிகளைப் பொறுத்தவரை அது நல்ல தண்ணீர்தான். ஆனால் கல்கத்தாவில் தோல் மருத்துவர் கே.சி. சாகா 1983-லிருந்தே விசித்திரமான நோயாளிகளைப் பார்த்துவந்தார். மார்பில் மழைத்துளி தெறித்தது போன்ற கரும்புள்ளிகள், உள்ளங்கையிலும் பாதத்திலும் காய்த்துப்போன முடிச்சுகள். ஆர்செனிக் நஞ்சின் அடையாளங்கள் அவை. எல்லைக்கு அப்பால் வங்கதேசத்தின் சாப்பாய் நவாப்கஞ்சில் 1993-ல் கிணற்று நீரில் ஆர்செனிக் கண்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 1992-ல், பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனம் அந்நாட்டு ஆழ்துளைக் கிணறுகளின் நீரைப் பகுத்தாய்ந்திருந்தது. பல தனிமங்களை அளந்தது, ஆர்செனிக்கை அளக்கவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் சார்பில் லண்டனில் தொடுத்த வழக்கு பிரபுக்கள் சபை வரை போய், 2006-ல் தள்ளுபடியானது. சட்டம் தீர்ப்புச் சொன்ன பிறகும் ஒரு கேள்வி மாணவனுக்காக மிச்சமிருக்கிறது. கல்கத்தாவில் பல ஆண்டுகளாக மருத்துவர்கள் எழுதிவந்ததை யாராவது போய்ப் படித்திருந்தால், அளக்க வேண்டியவற்றின் பட்டியலில் ஒரு வரி கூடியிருக்கும். வேற்று நாட்டுக்கு ஆராய வருபவர் தன் ஊர்ப் பட்டியலை மட்டும் கொண்டுவரக் கூடாது.

ஆர்செனிக் ஏன் தண்ணீரில் கரைகிறது என்ற விளக்கத்தில் ஒரு மாணவருக்குப் பங்கு உண்டு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் முதுகலை ஆய்வேட்டுக்காக வங்கதேச நீரை ஆராய்ந்தார் ராஸ் நிக்சன். தன் ஆசிரியர் ஜான் மெக்ஆர்தரோடும் டாக்கா பல்கலைக்கழகத்தின் காஜி மதின் அகமதோடும் மற்றவர்களோடும் சேர்ந்து 1998-ல் 'நேச்சர்' இதழில் அவர் எழுதிய கட்டுரை அன்றைய விவாதத்தைத் திருப்பியது. இமயமலையிலிருந்து அடித்துவரப்பட்ட மணலின் மேல் இரும்பு ஆக்சைடு ஒரு மெல்லிய உறையாகப் படிந்திருக்கிறது. ஆர்செனிக் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வண்டலுக்கடியில் புதைந்த தாவர எச்சங்களைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு அங்கே ஆக்சிஜன் கிடைக்காது. அதற்குப் பதிலாக அவை இரும்பு ஆக்சைடைப் பயன்படுத்துகின்றன. உறை கரைகிறது, பிடித்துவைத்திருந்த ஆர்செனிக்கும் நீரில் இறங்குகிறது. ஆலைக் கழிவு காரணமல்ல, எந்த மனிதரும் கலக்கவில்லை. ஆழத்தில் உள்ள பழைய மணலில் பெரும்பாலும் நல்ல தண்ணீர்.

இதை ஆழ்துளை போடும் உள்ளூர்த் தொழிலாளர்கள் தங்கள் கண்ணாலேயே ஓரளவு அறிந்திருந்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. மத்லப் பகுதியில் வேலை செய்த ஸ்டாக்ஹோம் கே.டி.எச். பல்கலைக்கழகக் குழு, குழாய் இறக்கும்போது மேலே வரும் மணலைத் தொழிலாளர்கள் எப்படிப் பிரித்துப் பேசுகிறார்கள் என்று கேட்டது. கறுப்பு, வெள்ளை, மங்கிய வெள்ளை, சிவப்பு என்று நான்கு வகை சொன்னார்கள். ஆய்வகத்தில் அளந்தபோது கறுப்பு மணலின் நீரில் ஆர்செனிக் மிகுதி, சிவப்பு மணலின் நீரில் மிகக் குறைவு. சிவப்பு என்றால் இரும்பு ஆக்சைடின் உறை இன்னும் கரையாமல் இருக்கிறது என்று பொருள். வேதியியலும் தொழிலாளியின் கண்ணும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. கருவி வாங்க வழியில்லாத ஊரில் குழாயை எந்த ஆழத்தில் நிறுத்துவது என்று முடிவெடுக்க இது பயன்படுகிறது.

பிரச்சினையின் அளவு 2001-ல் தெரிந்தது. நாடு முழுதும் 3,534 கிணறுகளைச் சோதித்ததில், ஆழம் குறைந்தவற்றில் 27 சதவீதம் லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்ற வங்கதேச வரம்பைத் தாண்டியிருந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 10 தான். சுமார் மூன்றரைக் கோடிப் பேர் 50-க்கும் மேலுள்ள நீரைக் குடித்துவந்தார்கள் என்பது அன்றைய மதிப்பீடு. லட்சக்கணக்கான குழாய்களைக் களச்சோதனைப் பெட்டியால் சோதித்து, நஞ்சுள்ளதற்குச் சிவப்பும் மற்றதற்குப் பச்சையும் பூசினார்கள். சோதனை எளிமையானது. நீரில் அமிலமும் துத்தநாகமும் போட்டால் ஆர்செனிக் ஒரு வாயுவாக வெளியேறும். மூடியில் செருகிய வெள்ளைப் பாதரச புரோமைடுத் தாளை அது அளவுக்கேற்ப மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாற்றும். நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டால் அளவு தெரியும்.

டாக்காவுக்குக் கிழக்கே ஆராய்ஹஜாரில் கொலம்பியா பல்கலைக்கழகம் 2000-ல் தொடங்கிய ஆய்வில் ஏறத்தாழ 12,000 பேர் சேர்ந்தார்கள். அவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்ததில் தெரிந்தவை கொடுமையானவை. 2010-ல் 'லான்செட்' இதழில் வந்த கணக்கின்படி, அக்குழுவில் நேர்ந்த எல்லா மரணங்களிலும் 21 சதவீதத்துக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டிய ஆர்செனிக் காரணம். பத்து வயதுக் குழந்தைகளில் கிணற்று ஆர்செனிக் ஏற ஏற அறிவுத்திறன் மதிப்பெண் இறங்கியது.

இந்த ஆய்வில் ஓர் அறக்கேள்வி முதல் நாளிலிருந்தே இருந்தது. மனிதர்கள் நஞ்சு குடிப்பதைத் தெரிந்துகொண்டே அளந்துகொண்டிருக்கலாமா? கூடாது. ஆகவே ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர்கள் குழாயின் முடிவைச் சொன்னார்கள், பலகை மாட்டினார்கள், பக்கத்தில் எந்தக் குழாய் நல்லது என்று காட்டினார்கள், மருத்துவமனை வைத்தார்கள். நஞ்சுக் குழாயும் நல்ல குழாயும் அங்கே அடுத்தடுத்த முற்றங்களில் இருந்தன. அப்பகுதி மக்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்கு 100 மீட்டருக்குள் ஒரு நல்ல குழாய் இருந்தது. சொன்ன பிறகு, கெட்ட குழாய் வைத்திருந்தவர்களில் 58 சதவீதம் பேர் மாறினார்கள். மாறியவர்களின் சிறுநீரில் ஆர்செனிக் 46 சதவீதம் குறைந்தது. தகவலைத் திருப்பிக் கொடுத்ததே அங்கு சிகிச்சையானது.

மீதி 42 சதவீதம்? 100 மீட்டர் என்பது வரைபடத்தில் சிறிய தூரம். குடம் சுமப்பவர் பெண். குழாய் இருப்பது இன்னொரு குடும்பத்தின் முற்றத்துக்குள். ஒரு நாளில் பலமுறை அந்த முற்றத்துக்குள் போய் வர அந்த வீட்டாரோடு உறவு வேண்டும், சண்டையில்லாமல் இருக்க வேண்டும், சில வீடுகளில் மாமியாரின் அனுமதியும் வேண்டும். மண்ணியல் வகுப்பில் இதைச் சொல்லித்தர மாட்டார்கள். சுற்றுச்சூழல் சுகாதாரம் படிக்க ஓர் ஏழை நாட்டுக்குப் போகிற மாணவருக்கு மூன்று வாரப் பயணம் போதாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். முதல் சில மாதங்கள் மொழிக்கும் மனிதர்களுக்கும் போக வேண்டும். மாதிரி எடுத்து, விமானத்தில் ஏற்றி, கட்டுரை எழுதி, திரும்பிப் பார்க்காமல் போகிறவர்களை அந்த ஊர்கள் நிறையவே கண்டிருக்கின்றன. ரத்தம் கொடுத்த பெண்ணுக்குத் தன் ரத்தத்தில் என்ன இருந்தது என்று சொல்லாத ஆய்வு, எவ்வளவு நுட்பமானதானாலும், திருட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அந்த நாட்டு விஞ்ஞானியின் பெயர் நன்றியுரையில் மட்டும் வருவதும் அப்படியே.

மஞ்சள் விஷயத்தில் வெற்றி விரைவாக வந்ததற்குக் காரணங்கள் தெளிவாகவே இருக்கின்றன. நஞ்சைப் போட்டது மனிதக் கை. அது போட்ட இடம் பாலிஷ் உருளைகளும் சில சந்தைகளும். நிறுத்தினால் யாருடைய பிழைப்பும் அழிந்துவிடாது. ஆர்செனிக்குக்கு இவற்றில் ஒன்றும் பொருந்தாது. சிவப்புச் சாயம் சில ஆண்டுகளில் மழையில் மங்கிப்போனது. அதற்குள் சோதிக்கப்படாத புதிய குழாய்கள் லட்சக்கணக்கில் வந்துவிட்டன. அரசு போட்ட ஆழக்குழாய்களில் பலவும் தேவை மிகுந்த இடத்துக்குப் போகாமல் செல்வாக்குள்ளவரின் வீட்டுக்கருகே போயின என்று மனித உரிமைக் கண்காணிப்பகம் 2016-ல் விரிவாக எழுதியது. வேதியியல் தெரிந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகளான பின்பும் இரண்டு கோடிப் பேர் அளவுக்கு மீறிய ஆர்செனிக்கைக் குடித்துவந்தார்கள் என்று அதே அறிக்கை கணக்கிட்டது.

ஈயத்தைத் தேடிய குழு வங்கதேசத்தோடு நிற்கவில்லை. இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், இலங்கை ஆகிய நாடுகளின் 23 நகரங்களில் 356 மஞ்சள் மாதிரிகளை வாங்கிச் சோதித்த முடிவு 2024-ல் வந்தது. 14 சதவீதத்தில் ஒரு கிராமுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்தது. பாட்னாவில் வாங்கிய மஞ்சளில் அது 1,000-த்தைத் தாண்டியது. ஷியாம்பஜாரில் பயன்பட்ட கருவி இங்கும் வேலை செய்யும், சட்டமும் இருக்கிறது. பாட்னாவின் பாலிஷ் உருளைகளுக்குப் பக்கத்தில் நின்று, இந்தப் பொடி எங்கிருந்து வாங்கியது, யார் கேட்டு வாங்கியது என்று விசாரிக்கிற ஆய்வு மாணவர்கள்தான் இப்போது வேண்டியிருக்கிறது. அவர்கள் ஸ்டான்ஃபோர்டிலிருந்து வர வேண்டிய அவசியமும் இல்லை.